கோக்கா டீ: குடிக்கலாமா, ஊருக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: சரக்குக் கப்பலில் இன்ஜினியர் நான். பெருவில் கல்லாவ் துறைமுகத்தில் சைன்-ஆஃப் ஆனதும் (கப்பல் பணி முடிந்து இறங்கியதும்) கூஸ்கோ, மச்சு பிச்சு பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்றிருக்கிறேன். அங்கே ஓட்டலிலேயே கோக்கா இலை டீ தருவார்களாமே, குடிக்கலாமா? வீட்டுக்கு நாலு பாக்கெட் வாங்கி வரலாமா?

பதில்: பெருவில் அதைக் குடிப்பது குற்றமில்லை, ஆனாலும் உங்களுக்கு வேண்டாம். கொகெயின் என்ற போதைப்பொருளை எடுப்பதே இந்த இலையிலிருந்துதான், ஒரு டீ பையில் அது சுமார் 5 மில்லிகிராம் இருக்கும். போதையெல்லாம் ஏறாது, லேசாகத் தெம்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு கப் குடித்திருந்தாலும் மறுநாள் சிறுநீர்ச் சோதனையில் கொகெயின் பாசிட்டிவ் என்று வரலாம், டீதான் குடித்தேன் என்று அப்புறம் எந்தக் கம்பெனியிடம் போய் நிரூபிப்பீர்கள்?

பாக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள். நம் நாட்டின் 1985 போதைப்பொருள் சட்டம் 16-ஆம் பிரிவில் கோக்கா இலை வைத்திருந்தாலே பத்தாண்டு வரை சிறை. 0.1 சதவீதத்துக்கு மேல் கொகெயின் இல்லாத தயாரிப்புகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் இந்த டீ அந்த அளவைப் பல மடங்கு தாண்டிவிடும்.

கூஸ்கோ 3,400 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் வரும் மலை நோய்க்கு இந்த டீ மருந்து என்பதற்கு வலுவான சான்று கிடையாது. கூஸ்கோவில் இறங்கியதும் நேராக 2,800 மீட்டரில் இருக்கும் ஒல்லாந்தாய்தம்போவுக்குப் போய் இரண்டு இரவு தங்குங்கள், கூஸ்கோவைக் கடைசியில் பார்க்கலாம். மலை நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் யோசிக்காமல் கீழே இறங்கிவிடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்த இலையையே போதைச் சரக்காக நினைத்துவிடாதீர்கள், அது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். ஆண்டிஸ் மலைகளில் வாழும் கெச்சுவா மக்கள் முழுசான மூன்று இலைகளைப் பொறுக்கி, விசிறிபோல விரல்களில் பிடித்து, மலைத் தெய்வங்களை நோக்கி ஊதிவிட்டுத்தான் வாயில் போடுவார்கள். நாம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சேர்ப்பதைப் போல அவர்கள் சாம்பல் கட்டியைச் சேர்ப்பார்கள். 1860-இல் ஜெர்மனியில் ஆல்பர்ட் நீமன் கொகெயினைத் தனியே பிரித்தெடுத்த பிறகுதான் கதை மாறியது. மருந்து ஆலைகளுக்காக டச்சுக்காரர்கள் ஜாவாவில் தோட்டம் தோட்டமாகப் பயிரிட்டார்கள், பிரிட்டிஷ்காரர்கள் இலங்கையிலும் நட்டார்கள். சம்பாதித்தது யாரோ, பழி விழுந்ததோ இலையை மென்றவர்கள் மேல். 1961 ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை இலையையும் கொகெயினோடு ஒரே பட்டியலில் வைத்து, மெல்லும் வழக்கத்தையே 25 ஆண்டுகளில் ஒழிக்கச் சொன்னது. பொலிவியா அதிலிருந்து வெளியேறி, மெல்லும் உரிமையை விட்டுத்தர மாட்டோம் என்ற நிபந்தனையோடு 2013-இல்தான் திரும்பச் சேர்ந்தது.

அதனால் கிராமத்தில் யாராவது இலை நீட்டினால் முகம் சுளிக்காதீர்கள். இரண்டு கையும் ஏந்தி வாங்கி நன்றி சொல்லுங்கள், கப்பல் வேலையில் சோதனை இருப்பதால் மெல்ல முடியாது என்று சொல்லுங்கள், கிளம்புவதற்கு முன் அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். சட்டைப்பையில் ஒரு இலைகூட இருக்கக் கூடாது.