டீனா புரூக்ஸை ஏன் கேட்க வேண்டும்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் டெனர் சாக்ஸபோன் கலைஞர் டீனா புரூக்ஸ் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு ‘ட்ரூ ப்ளூ’ ஆல்பத்தை இரண்டு முறை கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘மறக்கப்பட்ட மேதை’ என்று சொல்லும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று பிடிபடவில்லை. நான் பத்து வருடமாக ஜாஸ் கேட்கிறேன். மைல்ஸ், கோல்ட்ரேன், ரோலின்ஸ், மிங்கஸ் என்று பெரிய பெயர்கள்தான். ஜாஸ் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் சீக்கிரமே யாரும் கேள்விப்படாத ஒருவரைத் தேடிப் போய்விடுகிறார்கள். பழைய அசல் இசைத்தட்டுக்குக் கண்டபடி விலை வைத்து விற்கிறார்கள், அந்த அரிய பொருள் மோகம்தான் இசைப் பாராட்டாக மாறுகிறதோ என்று தோன்றுகிறது. உண்மையான திறமை இருந்திருந்தால் அவர் எப்படியும் மேலே வந்திருப்பார் அல்லவா?

என் எண்ணம் தவறாக இருந்தால் சொல்லுங்கள். கூடவே கவனிக்கப்படாத ஜாஸ் கலைஞர்கள் பத்துப் பேரின் பட்டியல் ஒன்று தர முடியுமா? மோனோவில் கேட்க வேண்டுமா, ஸ்டீரியோவிலா?

அன்புடன்,
ச., திருச்சி

அன்புள்ள ச.,

‘மறக்கப்பட்ட மேதை’ என்று நான் எழுதியது தவறு. டீனா புரூக்ஸ் உயிரோடு இருந்தபோது பரவலாகத் தெரிந்தவரே இல்லை, அப்புறம் எங்கிருந்து மறப்பது? மேதை என்ற சொல்லும் வேண்டாம். அதைக் கேட்டுவிட்டுப் போனால் காது வேறு எதையோ எதிர்பார்க்கிறது. உங்களுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் திறமை இருந்தால் மேலே வந்திருப்பார் என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1960-ஆம் ஆண்டின் ஒரே ஒரு வாரத்தைப் பாருங்கள். ஜூன் 19, நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. 22 வயது ஃப்ரெடி ஹப்பர்ட் ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்கிறார். ஆறு பாடல்கள். அதில் இரண்டை எழுதியது டெனர் சாக்ஸபோன் வாசிக்க வந்த டீனா புரூக்ஸ், ஆல்பத்தின் தலைப்பான ‘ஓப்பன் செசமி’ உட்பட. ஆறு நாள் கழித்து, ஜூன் 25, அதே ஸ்டூடியோ, அதே நிறுவனம். இந்த முறை புரூக்ஸ் தலைவர், ஹப்பர்ட் பக்கத்தில் நின்று ட்ரம்பெட் வாசிக்கிறார். பாஸ் வாசித்த சாம் ஜோன்ஸ்கூட இரண்டிலும் இருக்கிறார். அந்த இரண்டாவது பதிவுதான் நீங்கள் கேட்ட ‘ட்ரூ ப்ளூ’. ஆறில் ஐந்து பாடல்கள் புரூக்ஸ் எழுதியவை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, இவர்களில் யார் பெரிய ஆளாக வருவார், யார் காணாமல் போவார் என்று ஒருவரால் சொல்ல முடியும் என்று நான் நம்பவில்லை.

ஹப்பர்ட் அடுத்த வருடமே ட்ரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவில் சேர்ந்தார், ஊர் ஊராகப் போனார், உலகம் அவரைக் கேட்டது. புரூக்ஸுக்கு அப்படி ஒரு குழு அமையவில்லை. ‘ட்ரூ ப்ளூ’ வெளிவந்து சத்தமில்லாமல் போயிற்று. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் முடித்த ‘பேக் டு த ட்ராக்ஸ்’ ஆல்பத்துக்கு 4052 என்று எண் கொடுத்தார்கள், அட்டைகூட வடிவமைத்தார்கள், ஆனால் தட்டு வெளிவரவே இல்லை. 1961 மார்ச்சில் பதிவு செய்ததும் வரவில்லை. அதற்கெல்லாம் முன்பு, 1958 மார்ச்சில், லீ மார்கன், சானி கிளார்க், டக் வாட்கின்ஸ், ஆர்ட் பிளேக்கி என்று பேர்பெற்ற ஒரு கூட்டத்தையே வைத்துக்கொண்டு வாசித்த ‘மைனர் மூவ்’ அலமாரியில் கிடந்தது. ஆக, தன் பெயரில் செய்த நான்கில் ஒன்றைத்தான் அவர் கடையில் பார்த்தார். 1961-க்குப் பிறகு அவர் ஒரு பதிவுகூடச் செய்யவில்லை. அதன்பின் பதின்மூன்று வருடம் உயிரோடு இருந்தார். 1974 ஆகஸ்டில் இறந்தபோது வயது 42. ஹெராயின் பழக்கம் அவரை அழித்ததில் பெரும் பங்கு வகித்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே பழக்கம் இருந்த எத்தனையோ பேர் அந்த வருடங்களில் தொடர்ந்து தட்டு போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

நிறுவனத்தையும் நான் வில்லனாக்க மாட்டேன். ஆல்ஃபிரட் லயன், ஃபிரான்சிஸ் வுல்ஃப் என்று ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டு நண்பர்கள் நடத்திய சின்ன நிறுவனம் அது. ஒத்திகைக்கும் காசு கொடுத்தவர்கள், அந்தத் தட்டுகள் இன்றும் இவ்வளவு கச்சிதமாக ஒலிக்க அது ஒரு காரணம். ஆனால் வெளியிட முடிந்ததைவிட அதிகமாகப் பதிவு செய்தார்கள். தட்டு விற்க ஆள் ஊர் ஊராக வாசிக்க வேண்டும், ஊர் ஊராக வாசிக்கக் கூப்பிடுவதற்குத் தட்டு வந்திருக்க வேண்டும். இந்தச் சுழலுக்கு வெளியே நின்றவரின் தட்டு கடைசி வரிசைக்குப் போனது. அதோடு அந்த நேரத்தில் டெனர் சாக்ஸில் இருந்த நெரிசலைப் பாருங்கள்: 1960 தொடக்கத்தில் கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ வந்துவிட்டது, அதே ப்ளூ நோட்டில் ஹாங்க் மோப்ளி ‘சோல் ஸ்டேஷன்’ பதிவு செய்கிறார், ரோலின்ஸ் மேடையை விட்டு விலகி வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நின்று சாதகம் செய்துகொண்டிருந்தாலும் பேச்சு அவரைப் பற்றித்தான். இத்தனைக்கும் நடுவில் தணிந்த குரலில் பேசும் ஒருவர்.

இப்போது அந்தக் குரலுக்கு வருகிறேன், எனக்கு முக்கியம் அதுதான். நானும் ‘ட்ரூ ப்ளூ’வை முதல் நாலைந்து தடவை ஹப்பர்டுக்காகத்தான் கேட்டேன். ட்ரம்பெட் முடிந்து டெனர் வந்தால் காது கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்ளும். ஒருநாள் பேருந்தில் முதல் பாடலான ‘குட் ஓல்ட் சோல்’ ஓடிக்கொண்டிருந்தபோது, புரூக்ஸ் ஒரு வரியைத் தொடங்கினார், அது முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை, நான்கு தாளக்கட்டு தாண்டியும் மூச்சு விடாமல் போய், கடைசியில் நான் நினைத்தே பார்க்காத ஒரு சுரத்தில், சத்தமே எழுப்பாமல் வந்து உட்கார்ந்தது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்வரை அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இதை இத்தனை நாள் எப்படித் தவறவிட்டேன் என்று வருத்தமாக இருந்தது.

அவர் வாசிப்பில் பார்க்க வேண்டியது இது. ரோலின்ஸைப் போல ஒரு சின்னத் துணுக்கை எடுத்து உருட்டிப் பிரித்துக் காட்ட மாட்டார். கோல்ட்ரேனைப் போல எல்லா வாசலையும் ஒரே நேரத்தில் தட்ட மாட்டார். தாளத்துக்கு ஒரு நூலளவு பின்னால் தொடங்குவார், வரியை நீளமாக விடுவார், வேகமான பாட்டிலும் ஒலியைத் தடிக்க விடமாட்டார். முந்தைய தலைமுறை டெனர் கலைஞர் லெஸ்டர் யங் வழியில் வந்த மென்மை. ஆனால் அந்த மென்மைக்குள் ஒரு விசும்பல் இருக்கிறது, சுரத்தை அடிப்பதற்குச் சற்று முன்பு அது எட்டிப் பார்க்கும். சோகம் தொனிக்கும் மைனர் ஸ்வரங்கள்தான் அவருக்கு இயல்பான வீடு. ‘தீம் ஃபார் டோரிஸ்’ எழுதியவருக்கு சோகத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும். இதெல்லாம் முதல் இரண்டு கேட்டலில் தட்டுப்படாது, ஏனென்றால் அவர் தட்டுப்பட வேண்டும் என்று வாசிக்கவில்லை. நீங்கள் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எழுதியதில் எனக்குக் கோபமே இல்லை. இன்னும் ஒரு பத்துத் தடவை கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

அசல் தட்டுகளின் விலையைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் இசை இல்லை. ஆனால் சேகரிப்பவர்கள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். 1970-களின் நடுவில் மைக்கேல் கஸ்குனா என்ற தயாரிப்பாளர் ப்ளூ நோட் கிடங்கில் கிடந்த டேப்புகளை எடுத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். ‘மைனர் மூவ்’ 1980-இல் முதலில் ஜப்பானில்தான் வெளிவந்தது. 1985-இல் கஸ்குனாவின் மொசைக் நிறுவனம் புரூக்ஸின் நான்கு ஆல்பங்களையும் ஒரே பெட்டியாக வெளியிட்டது, அவர் இறந்து பதினோரு வருடம் கழித்து. ஜப்பானிய ரசிகர்களுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். 31 வயதில் இறந்த பியானோ கலைஞர் சானி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’ சொந்த நாட்டில் சுமாராகத்தான் போனது, ஜப்பானில் அது வீட்டுக்கு வீடு தெரிந்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. யாரோ எங்கோ உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டதால்தான் நீங்களும் நானும் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பத்துப் பேர் பட்டியல் தர எனக்கு விருப்பமில்லை. பட்டியல் கொடுத்தால் நாம் பெயரைத்தான் சேர்ப்போம். ஒரே ஒரு பெயர் தருகிறேன், புரூக்ஸுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கும் ஒருவர்: ஹெர்பி நிக்கோல்ஸ். பியானோ. 1919-இல் நியூயார்க்கில் பிறந்தவர், பெற்றோர் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள். தெலோனியஸ் மாங்க்கை உலகம் பொருட்படுத்தாத 1940-களிலேயே அவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர். (அந்த மாங்க்கே, கிளப்பில் வாசிக்கப் போலீஸ் கொடுக்கும் அனுமதி அட்டை பறிபோனதால், 1951 முதல் ஆறு வருடம் நியூயார்க் கிளப்புகளில் வாசிக்க முடியாமல் இருந்தார். திறமை இருந்தால் மேலே வந்துவிடலாம் என்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.) நிக்கோல்ஸ் வயிற்றுப்பாட்டுக்கு டிக்ஸிலேண்ட் குழுக்களில், தனக்குச் சம்பந்தமே இல்லாத பழைய பாணி இசையை வாசித்துக்கொண்டிருந்தார். 1955, 56-இல் ப்ளூ நோட் அவரைப் பதிவு செய்தது, ட்ரம்ஸில் ஆர்ட் பிளேக்கியும் மாக்ஸ் ரோச்சும். 1957-இல் வேறொரு நிறுவனத்துக்கு இன்னொரு ஆல்பம். அவ்வளவுதான். 1963-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார், 44 வயது.

அவருடைய ஒரு மெட்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். பில்லி ஹாலிடே வார்த்தை எழுதிப் பாடிய ‘லேடி சிங்ஸ் த ப்ளூஸ்’ அவருடையதுதான். ஹாலிடேயின் சுயசரிதைக்கும் அதே பெயர்தான். பாட்டு தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு மெட்டுப் போட்டவரைத் தெரியும்?

நிக்கோல்ஸின் தலைமையில் வந்த அந்த ஆல்பங்கள் எல்லாமே மூவர் குழு: பியானோ, பாஸ், ட்ரம்ஸ். ‘ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்ட்டிங்’ கேளுங்கள். விருந்து என்று பெயர், ஆனால் கொண்டாட்டத்துக்குள் நுழையத் தயங்கி வாசலில் நிற்கும் ஒருவனின் நடை அந்த மெட்டில் இருக்கிறது. ட்ரம்ஸ் பதில் சொல்வதற்கென்றே இடைவெளி விட்டு எழுதியிருக்கிறார். எனக்கு அந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் இதில் ஒரு ட்ரம்பெட், ஒரு ட்ராம்போன் இருந்திருந்தால் என்ற ஏக்கம் வரும். அது அவர் வாழ்நாளில் அவருடைய தட்டில் நடக்கவே இல்லை.

ஆனால் பிறகு நடந்தது. 1960-களின் தொடக்கத்தில் அவருடன் சேர்ந்து வாசித்த இளம் ட்ராம்போன் கலைஞர் ராஸ்வெல் ரட் அந்த மெட்டுகளை விடாமல் பிடித்துக்கொண்டார். 1982-இல் ரட், ஸ்டீவ் லேசி, நெதர்லாந்தைச் சேர்ந்த மிஷா மெங்கல்பர்க், ஹான் பெனிங்க் எல்லோரும் சேர்ந்து ‘ரீஜெனரேஷன்’ என்ற தட்டைப் பதிவு செய்தார்கள். பாதி மாங்க், பாதி நிக்கோல்ஸ். இரண்டு பெயரையும் சமமாக வைத்த அந்தச் செயலை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

இதனால்தான் இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்கிறேன். நிக்கோல்ஸ் காகிதத்தில் இருக்கிறார், இன்னொருவர் எடுத்து வாசித்தால் திரும்பி வருவார். புரூக்ஸும் நல்ல பாட்டுகள் எழுதினார், ஆனால் அவருடைய சாரம் அந்த மூச்சில் இருக்கிறது. அதை யாரும் எடுத்து வாசிக்க முடியாது. நான்கு ஆல்பங்கள், அப்புறம் கென்னி பரெல், ஜிம்மி ஸ்மித், ஃப்ரெடி ரெட், ஜாக்கி மெக்லீன் ஆகியோரின் தட்டுகளில் அவர் வந்து நிற்கும் சில இடங்கள். அதோடு சரி. அவரைத் திரும்பக் கொண்டுவர ஒரே வழி கேட்பது.

மோனோவா ஸ்டீரியோவா என்பதற்கு நீண்ட பதில் வேண்டாம். கையில் எது கிடைக்கிறதோ அதில் கேளுங்கள். வான் கெல்டரின் பியானோ ஒலி சிலருக்குக் கொஞ்சம் அடைத்த மாதிரி இருக்கும், அது உங்கள் ஸ்பீக்கரின் குற்றம் அல்ல.

வரிசை கேட்டால் இப்படிச் சொல்வேன். ‘மைனர் மூவ்’வில் ‘எவ்ரிதிங் ஹாப்பன்ஸ் டு மீ’யை முதலில் கேளுங்கள், மெதுவான பாட்டு, அவர் ஒலியை முழுசாகப் பார்க்கலாம். அப்புறம் ‘பேக் டு த ட்ராக்ஸ்’ ஆல்பத்தில் ‘ஸ்ட்ரீட் சிங்கர்’. அதில் ஜாக்கி மெக்லீன் ஆல்டோவும் ப்ளூ மிட்செல் ட்ரம்பெட்டும் வாசிக்கிறார்கள். மெக்லீனின் ஒலி எலுமிச்சை மாதிரி புளிப்பும் கூர்மையும் உள்ளது, சுருதியின் விளிம்பில் நிற்பது. அதற்குப் பக்கத்தில் புரூக்ஸின் டெனர் எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். எனக்கு அங்கேதான் அவர் யார் என்பது முழுதாகத் தெரிந்தது. உங்களுக்கு என்ன கேட்டது என்று எழுதுங்கள், ஒத்துப்போகாவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்.