ராத்திரி முழுக்க அலாரம், ஆள் வந்தால் மௌனம்: கடலோர வீட்டுக் கேமரா கேள்வி பதில்

பாம்பன் முதல் தொண்டி வரை, வீட்டுக் கேமராவின் மோஷன் டிடெக்ஷன், அதாவது அசைவைக் கண்டு அலாரம் அடிக்கும் வசதி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக முதலில் ஒன்று. தப்பு அலாரம் வந்ததுமே சென்சிட்டிவிட்டியில், அதாவது எவ்வளவு சிறிய அசைவுக்கும் அலாரம் அடிக்க வேண்டும் என்ற அளவில், கை வைக்காதீர்கள். கண்ணாடி, கேமரா பார்க்கும் கோணம், அதற்குப் போகிற கரண்ட், இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகு கடைசியாகத் தொட வேண்டியது அது.

அண்ணே, வீடு வடகடல் ஓரம். ராத்திரி 7 மணிக்கு மேல் போன் ஓயாமல் அடிக்கிறது, திறந்து பார்த்தால் யாரும் இல்லை. சென்சிட்டிவிட்டியை 80-லிருந்து 30-க்குக் குறைத்தோம். அலாரம் நின்றது. ஆனால் ஒருத்தன் திண்ணை வரை வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது பதிவாகவே இல்லை. (பாம்பன்)

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சாதாரண மோஷன் டிடெக்ஷனுக்கு ஆள் எது, பூச்சி எது என்று தெரியாது. முந்தின படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எத்தனை புள்ளிகளில் வெளிச்சம் மாறியிருக்கிறது என்று மட்டும் கணக்குப் பார்க்கும். லென்ஸுக்கு அரையடி முன்னால் பறக்கும் ஈசல், 20 அடி தள்ளி நிற்கும் மனுஷனைவிடப் பெரிதாகத் தெரியும். ஐஆர் லைட் (கேமரா இரவில் பார்க்க உதவும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம்) அதன் மேல் நேராக விழுவதால் வெள்ளையாகப் பளிச்சிடும். அதனால் சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் முதலில் விட்டுப்போவது ஆள்தான்.

அலாரம் வந்த நான்கைந்து பதிவுகளை ஓட்டிப் பாருங்கள். வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடினால் பூச்சி. ஒரே இடத்தில் நூல் மாதிரி ஆடினால் சிலந்தி வலை. படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தால் கண்ணாடியில் உப்பு படிந்திருக்கிறது. வடகடல் (பாக் விரிகுடா) ஓரம் வாடைக் காலத்திலும், தென்கடல் (மன்னார் வளைகுடா) ஓரம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்திலும் இந்த உப்புப் படலம் சீக்கிரம் ஏறும். பகலில் கண்ணுக்கே தெரியாது, இரவில் ஐஆர் எரிந்ததும் அந்த வெளிச்சத்தைச் சிதறடித்து லென்ஸுக்கே திருப்பி அனுப்பும்.

துடைப்பதில் ஒரு முறை இருக்கிறது. காய்ந்த துணியை எடுத்து நேரே தேய்க்கவே கூடாது. உப்புக் கல்லும் மணலும் சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடும், கீறல் விழுந்த இடத்தில் ஐஆர் என்றைக்கும் சிதறும். முதலில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கரையவிடுங்கள். கிணறோ போரோ உப்பாக இருந்தால் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். பிறகு ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மைக்ரோபைபர் துணியால் ஒத்தி எடுத்து, மறுபடி நல்ல தண்ணீர். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம். டோம் கேமராவின் அரைக்கோள மூடி பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெடித்துப்போகும். காற்று அடிக்கிற பருவத்தில் 10 முதல் 15 நாளைக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்கள்.

பூச்சிக்கு உறுதியான வழி, கேமராவுக்குள் இருக்கும் ஐஆரை செட்டிங்கில் அணைத்துவிட்டு, தனி 12 வோல்ட் ஐஆர் விளக்கை நான்கைந்து அடி தள்ளி மாட்டுவது. பூச்சி அந்த விளக்குப் பக்கம் போனாலும் லென்ஸுக்கு முன்னால் வெளுத்துத் தெரியாது. வலை கட்டுவதும் குறையும். இத்தனையும் செய்தபின் சென்சிட்டிவிட்டியை 60-க்கு ஏற்றி, நீங்களே இரவில் வாசலிலிருந்து திண்ணை வரை நடந்து பாருங்கள். பதிவாகவில்லை என்றால் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள்.

காக்கா (அண்ணன்), முற்றத்தில் ரெண்டு தென்னை. காற்றடித்தால் மட்டை ஆடி அலாரம், வெயில் நேரத்தில் மட்டையின் நிழலுக்கும் அலாரம். மரத்தை வெட்டவா முடியும்? (கீழக்கரை)

மரம் நிற்கட்டும் தம்பி. மோஷன் ஏரியாவில் முழுப் படமும் தேர்வாகியிருக்கும், அதுதான் குறை. எல்லாக் கட்டங்களையும் அழித்துவிட்டு, ஆள் வந்தால் கால் படுகிற தரையை மட்டும் வரையுங்கள்: கேட், நடைபாதை, வாசல்படி. மட்டை தெரிகிற மேல் பாதியை விட்டுவிடுங்கள்.

நிழலுக்கு இது போதாது, நிழல் தரையில்தானே விழுகிறது. கேமராவில் லைன் கிராஸிங் (வரைந்த கோட்டைக் கடந்தால் மட்டும் அலாரம்) வசதி இருந்தால் கேட்டுக்கு இரண்டடி உள்ளே ஒரு கோடு போடுங்கள். அதோடு குறைந்தபட்ச உருவ அளவையும் கொடுங்கள். கேட் அருகே ஒருவரை நிற்கவைத்து, திரையில் அவர் உயரத்தில் பாதிக்குக் கட்டம் வரைந்தால் சரியாக இருக்கும். ஆடுகிற நிழல் கோட்டின் மேலேயே விழுந்தால் கோட்டை நகர்த்துங்கள். சுவரில் மாட்டாமல் ஒல்லிக் குழாயில் மாட்டியிருந்தால் காற்றில் கேமராவே ஆடும். அப்போது முழுப் படமும் அசைவதால் எந்த செட்டிங்கும் உதவாது, முதலில் சுவருக்கு மாற்றுங்கள்.

பேட்டரி வைஃபை கேமரா. ராத்திரி சரியாகப் பிடிக்கிறது, சித்திரை மதியத்தில் ஆள் கிட்ட வந்தாலும் கண்டுகொள்வதில்லை. பழுதா? (ஏர்வாடி)

பழுது இல்லை. பேட்டரி கேமரா எந்நேரமும் படம் பார்த்துக்கொண்டிருந்தால் சார்ஜ் தாங்காது. அதனால் பிஐஆர் சென்சார் எழுப்பினால்தான் விழிக்கும். பிஐஆர் பார்ப்பது சூட்டு வித்தியாசத்தை. இரவில் சுற்றுப்புறம் ஆறியிருக்கும், மனித உடம்பு தனித்துத் தெரியும். சித்திரை, வைகாசி மதியத்தில் முற்றத்து மணலும் சுவரும் மனிதத் தோலின் சூட்டை எட்டிவிடும். வித்தியாசம் இல்லாவிட்டால் அதற்கு ஆளே இல்லை.

இன்னொன்று, பிஐஆருக்கு நேராக நடந்து வருகிற ஆளைவிடக் குறுக்கே போகிற ஆள்தான் நன்றாகத் தெரியும். கேட்டைப் பார்த்து நேராக மாட்டியிருந்தால், பக்கச் சுவருக்கு மாற்றி, வருகிறவர் படத்தைக் குறுக்காகக் கடக்கும்படி வையுங்கள். உயரம் 7 முதல் 8 அடி, லேசாகக் கீழ்நோக்கிய சாய்வு. மேற்கு வெயில் விழும் சுவரும் தகரக் கூரையும் பார்வையில் வேண்டாம். பகலுக்கு பிஐஆர் சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்துக்கொள்ளலாம். அப்படியும் சரிவராவிட்டால், மதிய நேரக் காவலுக்குக் கரண்டில் ஓடும் கேமராவே பொருத்தம்.

கருவாடு காயப்போடும் தளத்துக்கு ஆளை மட்டும் அறியும் கேமரா வாங்கினோம். காகம், பூனைக்கு இப்போது அலாரம் இல்லை, சரி. ஆனால் தளத்தின் கடைசியில் ஆள் நின்றாலும் அலாரம் இல்லையே? (தங்கச்சிமடம்)

தூரம்தான் அக்கா. ஆளை அறியும் மென்பொருளுக்கு ஆள் ஓரளவு பெரிதாகத் தெரிய வேண்டும். கணக்கு சுலபம். 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 புள்ளி. 2.8 எம்.எம். லென்ஸ் என்றால் 10 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 25 மீட்டர் அகலம் தெரியும், அதாவது மீட்டருக்கு 77 புள்ளி. 30 மீட்டரில் அது 25 ஆகிவிடும். ஐரோப்பியத் தரநிலைப்படி மீட்டருக்கு 25 புள்ளி என்பது ஏதோ ஆள் இருக்கிறது என்று கண்டறிய மட்டும் போதும். தெரிந்தவரா என்று சொல்ல 125 வேண்டும், முன்பின் அறியாதவரை அடையாளம் காட்ட 250.

தளத்தின் கடைசியை நோக்கி 6 எம்.எம். லென்ஸ் கேமரா இன்னொன்று மாட்டுங்கள். அதே 30 மீட்டரில் மீட்டருக்குப் புள்ளி இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். கேமராவை 12 அடிக்கு மேல் ஏற்றிவிடாதீர்கள். நேர் மேலிருந்து பார்த்தால் தலையும் தோளும்தான் தெரியும், மென்பொருள் அதை ஆள் என்று எடுத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஈசிஆர் ரோட்டோர வீடு. வண்டி ஹெட்லைட்டுக்கெல்லாம் அலாரம். (தொண்டி)

ரோட்டைக் கட்டத்திலிருந்து எடுத்தாலும் வெளிச்சம் உள்சுவரில் அடித்து நகரும். ஆள் அறியும் வசதி இருந்தால் அதை மட்டும் இயக்குங்கள். இல்லையென்றால் கேமராவை ரோட்டுக்கு முதுகு காட்டும்படி, மதில் பக்கமிருந்து வீட்டைப் பார்க்கத் திருப்புங்கள். அத்தோடு இரவு பகல் மாறும் தாமதத்தைக் கூட்டிவிடுங்கள். ஹெட்லைட் பட்டுக் கேமரா கலருக்கும் கறுப்பு வெள்ளைக்கும் மாறி மாறித் தாவினாலே அதுவும் ஒரு அலாரம்.

இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எரிகிறது, ஒவ்வொரு தடவையும் அலாரம். பகலில் ஒரு குறையும் இல்லை. (மண்டபம்)

கரண்ட் போதவில்லை. இரவில் ஐஆர் எரியும்போது கேமரா இழுப்பது கூடும். 0.5 சதுர எம்.எம். செம்புக் கம்பியில் 50 மீட்டர் என்றால், போக வர 100 மீட்டருக்கு ஏறக்குறைய 3.5 ஓம் தடை. அரை ஆம்பியர் ஓடினால் 1.75 வோல்ட் வழியிலேயே போய்விடும், 12 வோல்ட் கேமராவுக்கு 10.25 ஆகத்தான் வந்து சேரும். 10 சதவீதக் குறைவு வரை மட்டுமே தாங்கும் கேமராவுக்கு 10.8 வோல்ட் எல்லை. அதற்குக் கீழே அணைந்து எழும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி என்றால் இன்னும் மோசம்.

கேமராவின் முகப்பில் உள்ள, வெளிச்சம் அறியும் சென்சாரை விரலால் மூடி ஐஆரை எரியவிட்டு, கேமரா முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். குறைவாகக் காட்டினால் முதலில் இணைப்பைப் பாருங்கள், கடற்கரையில் பாதிக் கோளாறு அங்கேதான். டிசி பின்னிலும் (கரண்ட் இணைப்பு) பிஎன்சியிலும் (வீடியோ கேபிள் இணைப்பு) பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், கரண்டை நிறுத்திவிட்டு, பளபளப்பான செம்பு தெரியும்வரை கேபிளை வெட்டிப் புதுப் பின் போடுங்கள். உள்ளே சிலிகான் கிரீஸ், மேலே தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதற்கும் மேலே பிவிசி ஜங்ஷன் பாக்ஸ். கேபிள் பாக்ஸுக்குள் நுழையுமுன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து ஏறட்டும், மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். திருகாணி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள், 304 உப்புக் காற்றில் சீக்கிரம் துருப் புள்ளி விடும். இணைப்பு நன்றாக இருந்தும் வோல்ட் குறைந்தால், கரண்டுக்கு மட்டும் 1 சதுர எம்.எம். செம்புக் கம்பி தனியாக இழுங்கள். தடை பாதியாகும்.

பதிவில் ஆள் திரும்பிப் போகிற முதுகுதான் கிடைக்கிறது. (ராமேஸ்வரம்)

டிவிஆரில் (கேமராப் படங்களைச் சேமிக்கும் பெட்டி) முன்பதிவு நேரத்தை 5 நொடி, பின்பதிவை 10 நொடி என்று வையுங்கள், அசைவுக்கு முந்தின காட்சியும் சேர்ந்து பதிவாகும். பேட்டரி கேமரா என்றால் அது பெரும்பாலும் முடியாது. கேமராவை ஆள் வரும் வழியில் இன்னும் முன்னால் நகர்த்தி, இரண்டு பதிவுக்கு நடுவே உள்ள இடைவெளியை மிகக் குறைவாக வையுங்கள்.

பதிவு ஒழுங்காக இருக்கிறது, போனுக்குத் தகவல் மட்டும் அரை மணி கழித்து வருகிறது. (தேவிபட்டினம்)

போன் செட்டிங்கில் அந்த ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள். பின்னணியில் ஆப்பைத் தூங்கவைப்பதால்தான் இந்தத் தாமதம். அப்படியும் தாமதித்தால் கேமரா இருக்கும் இடத்தில் வைஃபை வலிமையைப் பாருங்கள். மைனஸ் 65 டிபிஎம்முக்குக் (dBm, சிக்னல் வலிமையின் அளவு) கீழே, அதாவது மைனஸ் 75, 80 என்று காட்டினால் ரௌட்டரை ஜன்னல் பக்கம் நகர்த்தி, கேமராவை 2.4 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். டிவிஆர் கடிகாரத்தையும் சரிபாருங்கள். கரண்ட் போய் வந்ததும் நேரம் பின்னால் போகிறதென்றால் உள்ளே இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்திருக்கும், பெரும்பாலும் சிஆர் 2032. நேரம் தப்பாக இருந்தால் இரவுக்கென்று வைத்த அலாரம் பகலில் ஓடும்.