கேள்வி–பதில்: கோட்டின் தோளும் தையற்காரரின் கூலியும்

கேள்வி: தம்பியின் திருமணத்துக்கென்று கொழும்பில் ஒரு கடையில் கழிவு விலையில் கோட்டும் காற்சட்டையும் சோடியாக வாங்கினேன். என் நெஞ்சளவு 39 அங்குலம், இடுப்பு 38. எங்கள் ஊர் வெக்கைக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று 42ஆம் இலக்கத்தை எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் கோட்டின் தோள் இருபுறமும் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே நிற்கிறது, கை நீளமாக இருக்கிறது, காற்சட்டையோ இடுப்பில் பூட்டவே முடியவில்லை. இங்குள்ள தையற்காரர் தோளில் கை வைக்க மாட்டேன் என்கிறார். மற்ற வேலைகளுக்குக் கோட்டின் விலையில் கால் பங்கைக் கூலியாகக் கேட்கிறார். றெடிமேட் உடுப்பு வெள்ளைக்காரரின் உடம்புக்குத்தான் பொருந்துமா, அல்லது எங்கள் ஊர்த் தையற்காரருக்கு வேலை தெரியாதா?
— வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: கூண்டில் இருவரை ஏற்றியிருக்கிறீர்கள்; 42ஆம் இலக்கத்தைத் தம் கையாலேயே தெரிந்தெடுத்த மூன்றாமவர் வெளியே நின்று கேள்வி எழுதுகிறார்.

முதலில் வெள்ளைக்காரரை விட்டுவிடுவோம். ஆயத்த ஆடை எந்த நாட்டவரின் உடம்புக்கும் அளவெடுத்துத் தைக்கப்படுவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், அதாவது 1861 முதல் 1865 வரை, பெரும் படைக்குச் சீருடைகளை மொத்தமாகத் தைக்க நேர்ந்தபோது, சில உடலளவுகள் சேர்ந்தே வருவதைக் கண்டுகொண்டார்கள். நெஞ்சளவு இவ்வளவு என்றால் தோளும் கையும் இடுப்பும் இவ்வளவாக இருக்கும் என்ற அந்த ஊகத்தின் மேல்தான் இன்றைய இலக்கங்களும் நிற்கின்றன. அந்த ஊகம் லண்டன்காரருக்கும் பொய்க்கும், உவர்மலைக்காரருக்கும் பொய்க்கும்.

உங்கள் விடயத்தில் அது பொய்த்த இடத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோட்டையும் காற்சட்டையையும் சோடியாக விற்பவர்கள் பொதுவாகக் கோட்டின் இலக்கத்திலிருந்து (அது நெஞ்சளவை அங்குலத்தில் சொல்வது) 6 அங்குலத்தைக் கழித்துக் காற்சட்டையின் இடுப்பைத் தீர்மானிக்கிறார்கள். ஆகவே 42ஆம் இலக்கக் கோட்டுடன் வந்தது 36 அங்குலக் காற்சட்டை. மேலே பெரிதாகவும் கீழே சிறிதாகவும் ஒரே சோடி அமைந்த மர்மம் இவ்வளவுதான். உங்களுக்குரிய 40ஆம் இலக்கத்தை எடுத்திருந்தால் காற்சட்டை 34 ஆகியிருக்கும், நிலைமை இன்னும் மோசம். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் ஓர் அங்குலமே வித்தியாசமுள்ள ஒருவர் (நாற்பது வயதைக் கடந்த எங்களிற் பலர் அப்படித்தான், நானும் விலக்கல்ல) சோடியாக விற்கும் உடுப்பை எடுக்கவே கூடாது. கோட்டை ஓர் இலக்கத்திலும் காற்சட்டையை வேறோர் இலக்கத்திலும் பிரித்து விற்கும் கடையைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், கோட்டுக்கு மாற்று நிறத்தில் ஒரு காற்சட்டையைத் தைப்பித்துக்கொள்ள வேண்டும்.

இனித் தையற்காரர். அவர் தோளைத் தொட மறுத்தது அவருடைய திறமைக்குச் சான்று. கோட்டின் தோள் வெறும் துணியன்று. உள்ளே பஞ்சுப் பட்டையும் விறைப்புத் துணியும் வைத்து, கழுத்துப்பட்டி, கைக்குழி, கை ஆகிய மூன்றும் சந்திக்குமாறு கட்டப்பட்ட ஓர் அமைப்பு. அதில் ஒரு விரல் அகலம் குறைப்பதென்றால் உள்துணியைப் பிரித்து, கைகளைக் கழற்றி, தோளை மீள வெட்டி, பட்டையை மாற்றி, கையைச் சுருக்கமில்லாமல் மறுபடி பொருத்த வேண்டும். அவ்வளவும் செய்த பிறகும் கை திருகிக்கொண்டு நிற்கலாம். சரி என்று கூலியை வாங்கிக்கொண்டு துணியைக் கெடுத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள்; உங்களுடையவர் அப்படிச் செய்யவில்லை.

கடையில் நின்றபோது நீங்கள் பார்த்திருக்க வேண்டியது தோளைத்தான். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் முடிய வேண்டும். அது முடிந்தால், மற்றவற்றிற் பெரும்பகுதியை ஊரிலேயே திருத்திக்கொள்ளலாம். இடுப்புப் பக்கம் தளர்வாக இருந்தால் பக்கத் தையல்களிலும் முதுகின் நடுத்தையலிலும் பிடித்துத் தைக்கலாம். பின்கழுத்துக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு விழுந்தால் கழுத்துப்பட்டியைச் சற்று இறக்கி வைத்துச் சரிசெய்யலாம். கையின் நீளத்தை மணிக்கட்டுப் பக்கம் குறைக்கலாம். ஆனால் அங்குள்ள பொத்தான்களுக்கு உண்மையிலேயே துளை வெட்டப்பட்டிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும், தோள் பக்கம்தான் குறைக்க வேண்டி வரும், கூலியும் ஏறும். கோட்டின் மொத்த நீளத்தில் அதிகம் கைவைக்க இயலாது, ஏனென்றால் பைகளும் பொத்தான்களும் தாம் இருந்த இடத்திலேயே இருந்துவிடும்.

காற்சட்டைக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. அதைப் புறம் திருப்பி, பின்பக்க நடுத்தையலின் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல தையலாக இருந்தால் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை இடுப்பைத் தளர்த்தலாம். உங்களுக்கு வேண்டியதும் இரண்டுதான், மயிரிழையில் தப்பலாம். மறுபக்கமாக, மிகப் பெரிய காற்சட்டையை வாங்கி நான்கு அங்குலம் பிடிக்கச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுடைய பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று முத்தமிட்டுக்கொண்டு நிற்பதைக் கலியாண வீடுகளிற் பந்தி வரிசையில் நின்றபடி நான் கண்டிருக்கிறேன்.

காற்றோட்டத்துக்காகப் பெரிய இலக்கம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கச்சான் வீசும் மாதங்களில் இவ்வூரில் கோட் அணிவது எப்படியும் தவம்தான். அந்தத் தவத்தைக் குறைப்பது துணியும் உள்துணியுமே அன்றி அளவு அல்ல. முழுக்கப் பொலியெஸ்ரர் உள்துணி தைத்த கோட், இரண்டு இலக்கம் பெரிதாக இருந்தாலும் வேர்வையை உள்ளேயே பூட்டி வைக்கும். முதுகின் மேற்பகுதிக்கு மட்டும் உள்துணி வைத்த லினன் கோட்டோ, மெல்லிய கம்பளிக் கோட்டோ உடம்போடு ஒட்டி நின்றாலும் காற்றை விடும். கம்பளி என்றதும் நுவரெலியாவை நினைக்க வேண்டாம். இடைவெளி விட்டு நெய்த மெல்லிய கம்பளி லினனைப் போலக் கசங்காது.

சேட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் கோட்டுக்குள் ஒன்று போடத்தானே வேண்டும். எங்கள் நாட்டுத் தொழிற்சாலைகளில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சேட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன, தரமும் நன்று. ஆனால் அமெரிக்காவுக்கென்று தைத்த சேட்டின் பட்டியில் 15½ என்றும் 34/35 என்றும் இருந்தால், பின்னது இடுப்பளவு அன்று. பின்கழுத்தின் நடுவிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரையுள்ள கை நீளம். முன்னது கழுத்தளவு. பூட்டிய கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரல் நுழைந்தால் போதும். பருத்தி சுருங்கும் என்பதால், ஒரு முறை துவைத்துக் காயவிட்ட பின்னரே தையற்காரரிடம் கொடுங்கள்.

கால் பங்குக் கூலி அதிகம் என்கிறீர்கள். கழிவில் நீங்கள் மிச்சம் பிடித்தது அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆயத்த ஆடையின் விலை கடைச் சிட்டையில் முடிவதில்லை. தையற்காரரின் கூலியையும் கூட்டிய தொகையே அதன் விலை, அந்தக் கணக்கை வாங்கும்போதே போட்டிருக்க வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது: சிட்டை கையில் இருந்தால், எதையும் பிரிக்காமல் கடைக்குத் திரும்பிப் போய், கோட்டை மட்டும் 40க்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். மாற்றும் கோட்டை அணிந்து, பொத்தானைப் பூட்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது போல இரு கைகளையும் முன்னே நீட்டிப் பாருங்கள். முதுகு சற்று இறுகலாம், தையல் முனகக் கூடாது. மாற்ற மறுத்தால், தோளை அப்படியே விட்டு, கையையும் இடுப்பையும் மட்டும் அதே தையற்காரரிடம் ஒப்படையுங்கள். கோட்டின் பின்வெட்டை மூடியிருக்கும் பெருக்கல் குறித் தையலையும், கைப்பக்கம் தைத்திருக்கும் கம்பனிப் பட்டியையும் அவரே பிரித்துத் தருவார், அதற்குக் கூலி கேட்க மாட்டார்.