அறிவிக்காத ப்ராப்பர்ட்டிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்தின் பழைய பில்லிங் மென்பொருளை பிஎச்பி மொழியின் 8.2 பதிப்புக்கு மாற்றினோம். அன்றிலிருந்து டைனமிக் ப்ராப்பர்ட்டி, அதாவது கிளாஸில் அறிவிக்காமலே உருவாகும் ப்ராப்பர்ட்டி, பற்றிய எச்சரிக்கை லாக்கில் குவிகிறது. புரோகிராம் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எல்லா கிளாஸுக்கும் மேலே, இந்த எச்சரிக்கையை அடக்கும் 'அலவ் டைனமிக் ப்ராப்பர்ட்டீஸ்' அட்ரிபியூட்டைப் போட்டுவிடு என்கிறார் சீனியர். ஒவ்வொரு ப்ராப்பர்ட்டியையும் உட்கார்ந்து அறிவிக்கத்தான் வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

வேண்டும். அதற்கு முன் அந்த லாக்கில் வரும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

பில் கிளாஸில் டிஸ்கவுன்ட் என்ற ப்ராப்பர்ட்டி இருக்கிறது, தொடக்க மதிப்பு 0 என்று வையுங்கள். ஏதோ ஒரு மெத்தடில் அதற்கு 10 கொடுக்கும்போது ஸ்பெல்லிங்கில் 'என்' விட்டுப்போகிறது. 8.1 வரை பிஎச்பி வாயே திறக்காது. தப்பான பெயரிலேயே புதிதாக ஒரு ப்ராப்பர்ட்டியை உருவாக்கி 10-ஐ அதில் போட்டுவிடும். உண்மையான டிஸ்கவுன்ட் 0-வாகவே இருக்கும், வாடிக்கையாளர் முழு விலையும் கட்டிவிட்டுப் போவார். 2022 டிசம்பரில் வந்த 8.2 இதைத்தான் காட்டிக்கொடுக்கிறது. அட்ரிபியூட்டைப் போட்டால் அந்த கிளாஸ் மட்டுமல்ல, அதிலிருந்து பிறக்கும் சைல்டு கிளாஸ்களும் மறுபடி ஊமையாகிவிடும். பணம் புழங்கும் மென்பொருளில் இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

சரி, அறிவிக்கும்போது அவசரப்படாதீர்கள். டைனமிக் ப்ராப்பர்ட்டி எப்போதும் பப்ளிக், கிளாஸுக்கு வெளியிலிருந்தும் தொடலாம். நீங்கள் நல்லெண்ணத்தோடு பிரைவேட் என்று எழுதினால், வெளியிலிருந்து அதைத் தொடும் நிரல் உடையும்; தரவை வெளியே அனுப்ப ஜேசன் வடிவத்துக்கு மாற்றும்போது அந்த ஃபீல்டு சத்தமில்லாமல் காணாமல் போகும். முதலில் பப்ளிக்காகவே அறிவித்து, யார் யார் தொடுகிறார்கள் என்று பார்த்தபின் இறுக்குங்கள். எந்த வகை மதிப்பு என்று சொல்லும் டைப்பும் அப்படித்தான். டைப் போடாமல் அறிவித்தால் தொடக்க மதிப்பு 'நல்' (null, மதிப்பு இல்லை என்று பொருள்). முன்பு ஜேசனில் வராத ஃபீல்டு இப்போது நல் என்று வரும், அதை வாங்கும் பக்கத்தில் சொல்லி வையுங்கள். பிஎச்பி 7.4-இல் வந்த இந்த டைப்பைச் சேர்த்து, தொடக்க மதிப்பு தராமல் விட்டால், மதிப்பு வைக்கும் முன் படித்த இடத்தில் எரர் வரும். நல் அனுமதிக்கும் டைப்புக்கும் இதே கதிதான். அந்த எரர் வருவது நல்லதே. ஆனால் அது டெஸ்ட் சர்வரில் வரட்டும்.

என்ன பெயரில் ஃபீல்டு வரும் என்று முன்கூட்டியே தெரியாத இடங்களும் இருக்கும், உதாரணமாக வாடிக்கையாளர் தானே சேர்க்கும் கூடுதல் விவரங்கள். அங்கேயும் அட்ரிபியூட் வேண்டாம். பல மதிப்புகளைப் பெயரோடு வைக்கும் ஒரு அரே ப்ராப்பர்ட்டியை அறிவித்து, அதற்குள் போட்டுக்கொள்ளுங்கள்.