கொம்பும் மண்டை ஓடும்: வாசகர் கேள்வி – பதில்

தாத்தா காலத்துப் புள்ளிமான் கொம்பு ஒரு ஜோடி பரணில் கிடக்கிறது. பலகையில் பதித்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கட்டும் புது வீட்டு ஹாலில் மாட்டலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

முதலில் டிரில்லிங் மெஷினைக் கீழே வையுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் கொம்பு வைத்திருக்க, தலைமை வன உயிரினக் காப்பாளர் தந்த உரிமைச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் இருப்பதை அறிவிக்க 2003இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அப்போது தாத்தா எழுதிக் கொடுத்தாரா என்று பழைய பெட்டியைத் துழாவுங்கள். சான்றிதழ் உள்ள பொருள் வாரிசாக உங்களுக்கு வந்திருந்தால், வந்த 90 நாளுக்குள் நீங்களும் அறிவிக்க வேண்டும். முத்தியால்பேட்டையிலிருந்து மஞ்சக்குப்பம் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது. கொண்டுபோன 30 நாளுக்குள் தமிழ்நாட்டுத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பது கூடாது.

சான்றிதழே இல்லையென்றால் மாட்டுவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வனத்துறையிடம் எழுத்து மூலம் ஒப்படைப்பதுதான் வழி. காட்டோரம் மான் தானாக உதிர்த்த கொம்பை எடுத்தாலும் இதே கதைதான். அதுவும் அரசுச் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும்.

சுவரில் கொம்பு பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் செம்மறிக் கிடா இருக்கிறது. சுருண்ட கொம்பின் அழகுக்கு மான் கொம்பு பக்கத்தில் நிற்காது என்பது எங்கள் கட்சி.

ஆடி மாதம் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறோம். நல்ல கொம்புள்ள செம்மறிக் கிடா. தலையைச் சுத்தம் செய்து மாட்டும் முறையை முழுதாகச் சொல்லுங்கள்.
– வாசகர், குறிஞ்சிப்பாடி

தலை யாருக்குப் போகும் என்பதில் ஊருக்கு ஊர் முறை உண்டு, முன்னாலேயே பேசிவிடுங்கள். தலையைத் தீயில் வாட்டக் கூடாது, மூளைக்காகப் பிளக்கவும் கூடாது என்று கறி போடுகிறவரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். வாட்டினால் கொம்பு பொரிந்துவிடும். மூன்று வயதுக்குக் குறைந்த கிடா என்றால் மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் தையல்கள் இறுகியிருக்காது, ஊறும்போது கழன்றுகொள்ளும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மான் கொம்பு முழுக்க எலும்பு. ஆடு, மாட்டின் கொம்பு அப்படியல்ல: மேலே நகம் போன்ற ஓர் உறை, உள்ளே எலும்புக் குருத்து, இரண்டுக்கும் நடுவில் சதைப் படலம். அந்தப் படலத்தை விட்டுவிட்டு மாட்டினால் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே புழு வைக்கும். அதனால் உறையைக் கழற்றியே ஆக வேண்டும்.

கையுறை போட்டுத் தோலை உரித்து, கண், நாக்கு, கன்னச் சதையை வெட்டி எடுங்கள். கத்தியால் எலும்பைச் சுரண்ட வேண்டாம். கோடு நிரந்தரமாக நிற்கும். பிடரித் துளை வழியாக வளைத்த கம்பியை விட்டு மூளையைக் கலக்கி, ஹோஸ் பைப் தண்ணீரைப் பீய்ச்சினால் வந்துவிடும். பிறகு மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், கொம்பின் அடிவரை மூழ்கும்படி நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரத்தில் கொம்புறை இளகும். அடியைப் பிடித்து முறுக்கி இழுத்தால் ‘சொத்’தென்று கையோடு வரும். இடது, வலது என்று சீட்டுக் கட்டி, உள்பக்கம் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெண்காரப் பொடி தூவி நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் கொம்பு வெடிக்கும்.

மண்டை மட்டும் இன்னும் இரண்டு வாரம் ஊறட்டும். மூன்று நாளுக்கொரு முறை பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். சதையைத் தின்பது பாக்டீரியா. முழுத் தண்ணீரையும் கொட்டினால் வேலையை முதலிலிருந்து தொடங்கும். நாற்றம் தெரு முழுக்க வரும், அதற்கு மருந்தில்லை. கொட்டும் தண்ணீரைச் சல்லடையில் வடிகட்டித் தென்னை அடியில் ஊற்றுங்கள். சல்லடையில் பல் நிற்கும்.

சதை போனதும் பலர் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். செம்மறி எலும்பில் கொழுப்பு அதிகம். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, கறுப்பு வாளியில் மூடி வெயிலில் வையுங்கள். தண்ணீர் சுடச்சுட கொழுப்பு வெளியே வரும். நாலைந்து நாளுக்கொரு முறை மாற்றி, தண்ணீர் கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை செய்யுங்கள். ஒரு மாதம்கூட ஆகும்.

கடைசியாக வெளுப்பு. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சம அளவு தண்ணீர் கலந்து, பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒரு நாள் முதல் இரண்டு நாள். மூடியை இறுக்காதீர்கள், வாயு கிளம்பும். கொம்புறை இதில் படக் கூடாது. நிழலில் ஒரு வாரம் காய்ந்தபின் கொம்பை 120, 220, 400 என்ற எண் வரிசையில் உப்புத்தாளால் தேய்த்து, லிக்விட் பாரஃபின் ஒரு துளி தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் எறும்பு விருந்து. உறையைக் குருத்தில் மாட்டிச் சிலிக்கான் சீலன்ட் கொஞ்சம் வைத்தால் போதும். எம்-சீல் வைத்தால் பின்னால் கழற்றவே முடியாது.

பாகூரில் போர் தண்ணீரில் ஊறப்போட்டு ஒரு மாதம் ஆகிறது. சதை கல் மாதிரி அப்படியே இருக்கிறதே?

குழாயில் வரும் போர் தண்ணீரை (ஊறப்போட்டதை அல்ல) நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். உப்பு பாக்டீரியாவை முடக்கிவிடும். கருவாடு கெடாமல் இருப்பதும் இதனால்தான். மழைத்தண்ணீரோ குடிநீரோ பிடித்து மாற்றுங்கள். எலும்புக்குள் இறங்கிய உப்பு காய்ந்தபின் வெள்ளையாகப் பூத்து மேல்பரப்பை உரிக்கும். எனவே வெளுக்கும் முன் நல்ல தண்ணீரில் நாலைந்து நாள், தினமும் மாற்றி, ஊறவையுங்கள்.

வெள்ளாட்டுத் தலையைக் குக்கரில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடரில் போட்டேன். முதலில் பால் வெள்ளை; இப்போது மஞ்சள் திட்டு, தொட்டால் மாவு.
– வாசகர், வில்லியனூர்

இரண்டு தவறு. கொதிக்கவைத்தால் கொழுப்பு எலும்புக்குள் உருகி இறங்கும். மஞ்சள் திட்டு அதுதான். குக்கர் அழுத்தத்தில் மூக்கின் மெல்லிய எலும்பும் பிரியும். குளோரின் எலும்பைப் பிணைக்கும் பொருளையே தின்றுவிடும். அலசிய பிறகும் தின்னும். மாவாகிப் போனது திரும்பாது. மேற்கொண்டு உதிராமல் இருக்க, ஃபெவிகாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து பிரஷ்ஷால் இரண்டு பூச்சு கொடுங்கள். அவசரக்காரர்கள் வேகவைப்பதென்றால் கொதி வராத சூட்டில், 5 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு, முக்கால் மணிக்கொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

மேல் தாடையில் முன்பல் ஒன்றுகூட இல்லை. வடிகட்டும்போது போய்விட்டதா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

இருந்தால்தானே போக! ஆடு, மாடு, மான் எதற்கும் மேல் முன்பல் கிடையாது, கெட்டி ஈறுதான். கீழே எட்டு இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கடலோர வீடு. மாட்டிய ஆறு மாதத்தில் ஆணி துருப்பிடித்து எலும்பில் கறை இறங்கிவிட்டது. சுவர் ஹாலோ பிளாக்.
– வாசகர், தேவனாம்பட்டினம்

உப்புக் காற்றில் சாதா இரும்பு நிற்காது. எஸ்.எஸ். 304 அல்லது பித்தளை ஸ்குரூ வாங்குங்கள். ஹாலோ பிளாக்கில் சாதாரண ரால் பிளக் வெற்றிடத்தில் தொங்கும். உள்ளே போய் விரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு இடத்தில் போடுங்கள். மண்டையில் நேராக ஸ்குரூ அடிக்க வேண்டாம். பலகையில் எல் வடிவக் கொக்கியைப் பொருத்தி, அதன் நுனியைப் பிடரித் துளைக்குள் நுழைத்துத் தொங்கவிட்டால் எலும்பில் ஓட்டையே தேவையில்லை. பலகைக்குத் தேக்கு நல்லது; மாம்பலகையில் வண்டு துளைக்கும். துருக்கறைக்குப் பெராக்சைடு பிரயோசனப்படாது. எலுமிச்சை போன்ற புளிப்பு எலும்பையே கரைக்கும். கறை சுவர்ப் பக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மாட்டிய கொம்பின் அடியில் தினமும் பொடி உதிர்கிறது.
– வாசகர், கடலூர் முதுநகர்

கொம்பைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழு அல்லது தோல் வண்டின் புழு. பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள் (வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு). எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே விடுங்கள். இல்லையென்றால் ஈரம் படியும். பிறகு உறையைக் கழற்றி உள்ளே பாருங்கள், காய்ந்த படலம் ஒட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சையும் வரும். உலர்ந்த பிரஷ் போதும், ஈரத்துணி வேண்டாம்.

வயலில் செத்துக் கிடந்த மாட்டின் தலையை எடுக்கலாமா? பெரிய கொம்பு.
– வாசகர், நெல்லிக்குப்பம்

எதனால் செத்தது என்று தெரியாமல் கத்தி வைக்காதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த மாட்டை வெட்டினால் கிருமி காற்றுப் பட்டு, கெட்டி உறை போட்ட வித்தாக மாறி, மண்ணில் பல ஆண்டு கிடக்கும், மனிதருக்கும் தொற்றும். மூக்கு, ஆசனவாயிலிருந்து உறையாத கறுப்பு இரத்தம் வடிந்திருந்தால் கிட்டவே போகாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கொம்புக்குக் கறிக்கடையில் சொல்லிவைத்தால் கிடைக்கும்.