உடம்பு அப்பாவுடையது, கையெழுத்து அண்ணனுடையதா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பெருங்குடலில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் வந்திருக்கிறது. "தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவார், குடலில் புண் என்று சொல்லி ஆபரேஷனை முடித்துவிடலாம்" என்கிறார் அண்ணன். டாக்டரும் எங்களிடம்தான் பேசுகிறார். ஆபரேஷனுக்கான ஒப்புதல் படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டால் போதுமா? அப்பா தெளிவாக இருக்கிறார், தினமும் பேப்பர் படிக்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: போதாது. பேப்பர் படித்து, கேட்டதற்குப் பதில் சொல்லும் நிலையில் ஒருவர் இருக்கும்போது அவருக்குப் பதிலாக மகன் போடும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. நோயாளியால் முடிவெடுக்கவே முடியாத நிலை வந்தால்தான் சொந்தக்காரர்களிடம் போக வேண்டும். நடைமுறையில் இது அப்படியே தலைகீழாக இருக்கிறது, முதலில் வீட்டாரைத் தனியே கூப்பிட்டுப் பேசிவிட்டு நோயாளியிடம் கடைசியில் வருகிறார்கள் அல்லது வருவதே இல்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2008ல் தீர்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், அண்ணனிடமும் சொல்லுங்கள். 44 வயதுப் பெண் ஒருவர், சிறு துளை வழியே கேமரா விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டு மயக்க மருந்தில் இருக்கிறார். வெளியே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பை, சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். மருத்துவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தாயின் சம்மதம் செல்லாது என்றது. உயிருக்கு அந்த நிமிடத்தில் ஆபத்து எதுவும் இல்லை, அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்கலாம், அவ்வளவுதான் விஷயம். பெற்ற தாய்க்கே அந்த உரிமை இல்லை என்றால் அண்ணனுக்கு எங்கிருந்து வரும்?

சட்டத்தை விடுங்கள். பெருங்குடல் ஆபரேஷனில் சிலருக்கு வயிற்றில் துளை போட்டு, மலம் வெளியேற ஒரு பை ஒட்டவேண்டி வரும். சிலருக்குக் கொஞ்ச காலம், சிலருக்கு ஆயுசுக்கும். மயக்கம் தெளிந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, கையில் பை தட்டுப்படுகிற மனிதரிடம் இது சாதாரணப் புண் என்று யார் போய்ச் சொல்வது? அப்புறம் கீமோ என்றால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரே "உங்களுக்கு எங்கே புற்றுநோய், எத்தனாவது சுற்று கீமோ?" என்று கேட்பார். நோயைவிட, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து தனக்கு மட்டும் மறைத்தார்கள் என்பதில் உடைந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்காக இன்றைக்கே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பா, ரிப்போர்ட் வந்திருக்கு. டாக்டர் உங்ககிட்டயே விவரமா சொல்லட்டுமா, இல்ல எங்ககிட்ட சொன்னா போதுமா?" அவர் முகத்திலேயே பாதி பதில் கிடைக்கும். "நீங்களே பாத்துக்குங்க, எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றால் அதுவும் அவருடைய முடிவுதான். தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையை நோயாளிகளின் உரிமைகள் பற்றிய உலக மருத்துவச் சங்கத்தின் லிஸ்பன் பிரகடனமே ஒத்துக்கொள்கிறது. அப்படியானாலும் படிவத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், வயிற்றைத் திறக்கப் போகிறார்கள், பை வரலாம் என்ற அளவாவது தெரிந்துகொண்டு. ஆனால் அந்த "வேண்டாம்" அவர் வாயிலிருந்து வரட்டும், அண்ணன் வாயிலிருந்து வேண்டாம்.

கேள்வி: ஆபரேஷனுக்கு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது தயக்கமாக இருக்கிறது. பின்வாங்க முடியுமா?

பதில்: தாராளமாக. மயக்க மருந்து ஏறும்வரை நீங்கள் "வேண்டாம்" என்று சொல்லலாம், "இரண்டு நாள் யோசிக்கிறேன்" என்றும் சொல்லலாம். கையெழுத்து போட்டாச்சே என்று யாராவது சொன்னால் அசர வேண்டாம். அந்தத் தாள், உங்களிடம் பேசினார்கள் என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். பேச்சே நடக்கவில்லை என்றால் வெறும் தாள்.

என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். மூக்குக் கண்ணாடி, தோடு எல்லாம் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம்தான் படிவம் வந்தது. நான்கு பக்கம், பொடி எழுத்து, அம்மாவுக்குத் தெரியாத மொழியில். நர்ஸ் விரல் வைத்த இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார், கோடு தாண்டிச் சாய்ந்து போயிருந்தது அந்தக் கையெழுத்து. கண்ணாடி என் கையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் உறுத்துகிறது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: என்ன செய்யப் போகிறீர்கள், எதற்காக, என்ன ஆபத்து, இதைவிட்டால் வேறு என்ன வழி, ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள், பலரும் அதைத்தான் தாமாகச் சொல்வதில்லை. பிரிட்டனில் சர்க்கரை நோயுள்ள ஒரு கர்ப்பிணிக்கு, பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள 9, 10 சதவீதம் வாய்ப்பு இருந்தும் மருத்துவர் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். தோள் சிக்கியது, குழந்தை மூளை வாதத்தோடு பிறந்தது. எதைச் சொல்லலாம் என்று மருத்துவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் வழக்கம் அளவுகோல் அல்ல, அந்த இடத்தில் இருக்கும் நோயாளிக்கு எது முக்கியமாகப் படுமோ அதுதான் அளவுகோல் என்று 2015ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: டயாலிசிஸ் வேண்டாம் என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறார். புத்தி சரியில்லை என்று எழுதி வாங்கி சிகிச்சை கொடுக்கலாமா?

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் நீங்கள் ஒத்துக்கொள்ளாத முடிவை எடுத்தார் என்பதற்காக ஒருவருக்குப் புத்தி சரியில்லை என்றாகிவிடாது. முடிவெடுக்கும் திறன் பற்றிய இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. சொன்னது புரிகிறதா, மனதில் நிற்கிறதா, நன்மை தீமையை எடைபோட முடிகிறதா, முடிவை எப்படியாவது தெரிவிக்க முடிகிறதா, இந்த நான்கைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் இந்த ஒரு முடிவுக்கு மட்டும். அங்கேயே 1990களின் தொடக்கத்தில் ஒரு வழக்கு. தீவிர மனச்சிதைவு நோயாளி ஒருவர், காவலோடு கூடிய மனநல மருத்துவமனையில் இருந்தவர், அழுகிய காலை வெட்ட மறுத்தார். வெட்டாவிட்டால் பிழைக்க 15 சதவீதம்தான் என்றார்கள். அவருக்குத் தான் ஒரு பெரிய டாக்டர் என்ற பிரமைகூட இருந்தது. இருந்தும் தன் காலைப் பற்றிய விஷயம் அவருக்குப் புரிகிறது என்று பார்த்து, அவர் சம்மதமில்லாமல் வெட்டக்கூடாது என்றது நீதிமன்றம். அவர் பிழைத்தும் கொண்டார்.

அம்மாவிடம் ஏன் வேண்டாம் என்று கேட்டீர்களா? ஊசி பயமா, வாரத்துக்கு மூன்று நாள் யாரையாவது அலைக்கழிக்க வேண்டுமே என்ற கூச்சமா, செலவா, அல்லது உண்மையிலேயே போதும் என்ற நினைப்பா? முதல் மூன்றுக்கும் வழி உண்டு. சில வாரம் செய்து பார்த்து, பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்று டாக்டரே அவரிடம் சொல்லட்டும், சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான்காவது என்றால், வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் வலிதணிப்பு சிகிச்சை பற்றி அவர் எதிரிலேயே பேசுங்கள்.

கேள்வி: நினைவில்லாமல் கிடந்தால் என் விருப்பம் எப்படித் தெரியும்?

பதில்: நினைவிருக்கும்போதே எழுதி வைத்தால். கனடாவில் விபத்தில் மயங்கிய ஒரு பெண்ணின் பையில், மத நம்பிக்கை காரணமாக ரத்தம் ஏற்றக்கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்ட அட்டை இருந்தது. உயிரைக் காப்பாற்ற டாக்டர் ரத்தம் ஏற்றினார், பெண்ணும் பிழைத்தார். 1990ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அட்டையைத்தான் மதித்தது, 20,000 டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. எழுத்து, சாட்சி, பதிவு என்று நாட்டுக்கு நாடு விதி வேறு, அதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுங்கள். எழுதி பீரோவில் பூட்டிவிடாமல், ஐசியூ வாசலில் உங்களுக்காக யார் நிற்பாரோ அவர் கையில் ஒரு பிரதி கொடுத்து, ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.