நம் இடத்தில் ஒருவருக்கு அடிபட்டால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மழைக்காலம் வந்தால் எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிடுகின்றன. பாகப்பிரிவினையும் பட்டா மாறுதலும் குறைந்து, "எங்க வீட்டு வாசல்ல ஒருத்தர் விழுந்துட்டார், கேஸ் வருமா?" என்ற கேள்வி அதிகமாகிவிடும். இங்கிலாந்தில் இதற்கென்றே 1957-ல் ஒரு சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளையும் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கும் பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். தனிச் சட்டம் இல்லாததால் பொறுப்பும் இல்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த நினைப்பால் நொந்துபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கட்டடம் கட்டி 35 வருடம் ஆகிறது. கீழே கடை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மழைக்கு ஒதுங்கிய ஒரு அம்மாவின் தோளில் சன்ஷேடு காரை பெயர்ந்து விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. அவர் கடைக்கு வந்த வாடிக்கையாளர்கூட இல்லை. பொறுப்பு எனக்கா, கடைக்காரருக்கா? – திருச்சி வாசகர்

உங்களுக்குத்தான் ஐயா. அவர் எதற்காக அங்கே நின்றார் என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. தெருவை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவர், தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் பொறுப்பானவர்.

இதில் நாம் எப்போதும் எடுத்துக்காட்டுவது டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு வழக்கு. 1950-களின் தொடக்கத்தில் அந்தக் கூண்டு இடிந்து பலர் இறந்தார்கள். "உள்ளே இருந்த பழுது வெளியே தெரியவில்லை" என்று மாநகராட்சி வாதாடியது. உச்ச நீதிமன்றம் 1966-ல் அதை ஏற்கவில்லை. கட்டடத்துக்கு ஏறக்குறைய 80 வயது. மேல் அடுக்கைக் கட்டிய கலவையைப் பார்த்தால் அதன் ஆயுளோ 40, 45 வருடம்தான். அப்படியிருக்க, அவ்வப்போது சோதித்துப் பார்த்திருக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. பழுது கண்ணுக்குத் தெரிந்ததா, மறைந்திருந்ததா என்பது அவரைக் காப்பாற்றாது என்றது நீதிமன்றம். ஒழுங்காகப் பராமரித்த கட்டடம் தானாக இடிந்து விழாது. விழுந்தால், கவனக்குறைவு இல்லை என்று காட்ட வேண்டியவர் உரிமையாளர்தான்.

நான் நடத்திய ஒரு வழக்கில், அடிபட்டவர் தலையில் விழுந்த காரைத் துண்டை அவர் மகன் ஒரு துணிக்கடைப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் கம்பி இருந்த தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. அதில் செம்மண் நிறத்தில் துரு, தொட்டால் விரலில் ஒட்டியது. கம்பி துருப்பிடித்து உப்பினால்தான் காரை அப்படிப் பிளக்கும். துரு ஒரே இரவில் பிடிக்காது. முதலில் மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கசிவு, பிறகு உப்பல் என்று வருடக்கணக்கில் சன்ஷேடு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எந்தச் சாட்சியையும்விட அந்தத் துண்டுதான் அந்த வழக்கில் பேசியது.

கடைக்காரரைப் பொறுத்தவரை: 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017) இரண்டாம் அட்டவணையில் வேலையைப் பிரித்துச் சொல்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். சுவிட்ச், குழாய் வாஷர், ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் தலையில். சன்ஷேடு உங்கள் பக்கம் வருகிறது. கடைக்காரர் அதில் கனமான பலகையைத் தொங்கவிட்டுப் பழுதாக்கியிருந்தால் மட்டும் கதை வேறு.

அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். சிகிச்சைச் செலவைக் கொடுத்து, எழுத்தில் சமரசம் செய்துகொள்ளுங்கள். பார்க்கப் போனால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். நானும் வக்கீல் தொழிலில் இருப்பவன்தான். போகாமல் இருந்ததால் வம்பாக வளர்ந்த வழக்குகளே அதிகம். மீதியிருக்கும் சன்ஷேடையும் இந்த வாரமே ஒரு பொறியாளரை வைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காட்டுப்பன்றி நிலக்கடலையை நாசம் செய்கிறது. ராத்திரி மட்டும் வேலிக் கம்பியில் கரண்ட் விடலாமா? என் நிலத்துக்குள் ராத்திரி வருபவன் திருடனாகத்தானே இருப்பான்? – சத்தியமங்கலம் விவசாயி

விடாதீர்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1963-லேயே பதில் சொல்லிவிட்டது. பீகாரில் ஒருவர், பக்கத்து வீட்டார் தன் கழிப்பறையைப் பயன்படுத்துவதைத் தடுக்க, வழியில் உறையில்லாத செம்புக் கம்பியை இழுத்து மின்சாரம் பாய்ச்சினார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கழிப்பறைச் சுவர் இடிந்து கிடந்ததால் அவர் அங்கே போக வேண்டியிருந்தது. கம்பியில் கை பட்டு இறந்தார். "அத்துமீறி நுழைந்தார், என் சொத்தைக் காத்தேன்" என்ற வாதம் எடுபடவில்லை. அத்துமீறி வந்தவரும் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவர்தான். அவர் வருவார் என்று தெரிந்தே பொறி வைப்பதற்கு எந்த நில உரிமையாளருக்கும் உரிமை இல்லை என்று தண்டனையை உறுதிசெய்தார்கள்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. கம்பியில் 230 வோல்ட் நேரடியாக விட்டால், சாவு வரும் என்று தெரிந்தே செய்ததாகப் போலீஸ் இன்னும் கடுமையான பிரிவில் போடலாம். கம்பத்தில் கொக்கி போட்டிருந்தால் மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் திருட்டு வழக்கும் சேரும். உங்கள் பகுதியில் யானை வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

சோலார் வேலி வேறு. அது விட்டுவிட்டு நொடிக்கும் குறைவாக அதிர்வு கொடுக்கும், விரட்டும், கொல்லாது. காட்டை ஒட்டிய இடங்களில் அதற்கும் வனத்துறையில் பதிவு வேண்டும். விதிகள் 2023-ல் வந்துவிட்டன. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதுமாதிரி வேலிகளில் சிக்கியவர்கள் பெரும்பாலும் திருடர்கள் அல்ல. மடை மாற்றப் போன பக்கத்துக் காட்டுக்காரர், மாடு தேடிப் போன பையன், சில நேரம் வேலி போட்டவரே.

'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு மாட்டிவிட்டால் போதுமா? – சேலம் வாசகர்

போதாது. நாய் கடிக்கும் குணமுள்ளது என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்த போர்டையே எதிர்த்தரப்பு சாட்சியாகக் காட்டலாம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்டைத் திறந்துதான் வர வேண்டும். குழந்தைக்கு போர்டு படிக்கத் தெரியாது. வளர்ப்புப் பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், இழப்பீடு தனி. கட்டிப் போடுங்கள், கேட்டில் மணி வையுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் வழக்கைப் பற்றி யோசிக்கும் முன் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் செய்து ஊசிக்குக் கூட்டிப்போங்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். செப்டிக் டேங்க் லாரிக்காரர், அடியில் கசடு இறுகிவிட்டது, ஆள் இறங்கினால்தான் ஆகும் என்கிறார். அவர் ஆள், அவர் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டால் நாங்கள் தப்பிக்கலாமா? – கோவை வாசகி

அந்தத் தாள் எதற்கும் உதவாது அம்மா. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, செப்டிக் டேங்கில் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதை "நேரடியாகவோ மறைமுகமாகவோ" யாரும் செய்யக் கூடாது என்கிறது. 'மறைமுகமாக' என்ற சொல்லுக்குள் சங்கம், செயலாளர், ஒப்பந்தக்காரர் எல்லோரும் வந்துவிடுவார்கள். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம். யாரும் சாக வேண்டியதில்லை, இறக்கினாலே குற்றம்தான்.

மூடியைத் திறந்ததும் முட்டை அழுகிய நாற்றம் வருமே, அதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். உள்ளே இருப்பவர் நாற்றம் அடங்கிவிட்டது என்று நினைப்பார். அடுத்த நிமிடம் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான்.

2014-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சாவுகளுக்கு 10 லட்சம் என்று நிர்ணயித்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. பிழைக்க வழியில்லாமல் செய்யும் நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். தொகையைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. இறங்கச் சொல்லப்படுபவர் யார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். நம் வீட்டுக் கழிவுக்கு அவர் உயிரைக் கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

இறுகிய கசடைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து இயந்திரத்தால் உறிஞ்ச முடியும்; செலவு கூடும், அவ்வளவுதான். உரிமம் பெற்ற வண்டியைத் தேடுங்கள். 14420 என்ற எண்ணிலும் கேட்கலாம். லாரிக்காரர் ஆளை இறக்கப் போனால் வேலையை நிறுத்தித் திருப்பி அனுப்புங்கள்.

அம்மா ஒரு பெரிய மளிகைக் கடையில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. 'வாடிக்கையாளர் பாதுகாப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று சுவரில் எழுதியிருப்பதைக் காட்டுகிறார்கள். – மதுரை வாசகர்

எழுதி ஒட்டினால் பொறுப்பு போய்விடாது. டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலிடம் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன வழக்கில், 'உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சிட்டிருந்தும் ஓட்டல் தப்ப முடியாது என்றது உச்ச நீதிமன்றம், 2019-ல். அது காரைப் பற்றியது என்றாலும், தன் கவனக்குறைவுக்கு முன்கூட்டியே மன்னிப்புச் சீட்டு அடித்துக்கொள்ள முடியாது என்ற நியாயம் இங்கேயும் பேசும்.

ஆனால் எண்ணெய் எப்போது சிந்தியது என்பது முக்கியம். அரை நிமிடம் முன்பு இன்னொருவர் பாட்டிலை உடைத்திருந்தால் கடையைக் குறை சொல்வது கஷ்டம். அரை மணி நேரம் கிடந்திருந்தால் கடை மாட்டிக்கொள்ளும். அதைச் சொல்வது கேமரா பதிவுதான். பெரும்பாலும் சில வாரங்களில் பழையது அழிந்து புதியது பதிவாகிவிடும். இன்றைக்கே ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையுடன், பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கடிதம் போடுங்கள். மருத்துவமனையில் 'கடையில் வழுக்கி விழுந்தார்' என்று ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'வீட்டில் விழுந்தார்' என்று யாரோ அவசரத்தில் சொல்லி எழுதிவிட்டால் வழக்கே ஆட்டம் காணும். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதும், கடையின் அன்றைய பில்லும் வேண்டும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தரலாம். உரிமையியல் நீதிமன்றம் என்றால் காயத்துக்கு 3 ஆண்டு, உயிரிழப்புக்கு 2 ஆண்டு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள் (15100). அம்மா பெண் என்பதால் வருமானச் சான்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

எங்கள் தென்னை பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. காய் விழுந்து கார் கண்ணாடி உடைந்தால் இயற்கைதானே? – நாகர்கோவில் வாசகி

சுனாமி இயற்கை. முற்றின காய் விழுவது எதிர்பார்த்த விஷயம். ஆடிக் காற்றும் வருடா வருடம் வருவதுதான், அதையும் சாக்குச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டார் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் பொறுப்பு இன்னும் இறுகும். காய்களை நேரத்துக்கு இறக்குங்கள், அவர்கள் பக்கம் வலை கட்டுங்கள். மரம் ரொம்பச் சாய்ந்துவிட்டால் வெட்டத்தான் வேண்டும்.

அண்ணன் துபாயில் இருக்கிறார். அவர் காட்டில் தண்ணீர் வராத போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்று இருக்கிறது. சாக்கு போட்டுக் கல் வைத்திருக்கிறேன். அவர் பெயரில்தானே பட்டா, எனக்கு ஏதாவது வருமா? – மணப்பாறைப் பக்கத்து வாசகர்

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் இந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்தேன். 2019 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக, நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை போர் குழிக்குள் விழுந்ததை நீங்கள் பக்கத்திலிருந்தே பார்த்திருப்பீர்கள். அந்தக் குழந்தை விழுந்தது சொந்த வீட்டு நிலத்தில்.

பட்டா யார் பெயரில் என்பது மட்டும் கேள்வி அல்ல. இடம் யார் கையில் இருக்கிறது, ஆபத்து யாருக்குத் தெரியும் என்பதும் கேள்வி. சாக்கும் கல்லும் வைத்த அன்றே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. சாக்கு ஒரு மழைக்கு மக்கிவிடும். உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிமுறை கொடுத்திருக்கிறது: பயன்பாட்டில் உள்ள போருக்குக் குழாயைச் சுற்றிச் சிமென்ட் மேடையும், வாய்க்கு இரும்பு மூடியும் வேண்டும்; கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல் போட்டு நிரப்ப வேண்டும். மேலே மட்டும் அடைத்தால் போதாது, உள்ளே வெற்றிடம் இருந்தால் மண் இறங்கிவிடும்.

அண்ணனுக்கு இன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள், பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கு மண் அடித்து நிரப்பிவிட்டு, போட்டோ எடுத்து, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மண் இறங்கியிருக்கிறதா என்று அடுத்த மழைக்குப் பிறகு இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.